புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ் போடலாமா? கோளாறைப் பார்த்து முடிவெடுக்கும் வழி

ஓணம் முடிந்த மறுவாரம் செங்கோட்டையில் என் கடைக்கு ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். கையில் புனலூரிலோ கொட்டாரக்கரையிலோ ஆஃபரில் வாங்கிய புது லேப்டாப் இருக்கும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரித்திருக்க மாட்டார்கள். "தம்பி, இதுல இருக்குறதை எடுத்துட்டு நம்ம பழைய விண்டோஸ் செவனைப் போட்டுக் குடுங்க" என்பார்கள். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது. சாமான் மலைக்கு அந்தப் பக்கம் வாங்குவதும் ரிப்பேருக்கு இந்தப் பக்கம் வருவதும் எங்களுக்குப் பழக்கம்தான்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "செவன் எதுக்கு அண்ணாச்சி?" இத்தனை வருடத்தில் செவனுக்காகவே செவன் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. எடைமேடை புரோகிராம் ஓடவில்லை, கல்யாணப் பத்திரிகை எழுத்துரு தெரியவில்லை, பிரிண்டர் அசையவில்லை என்று ஏதோ ஒன்று இருக்கும். அதைச் சரி செய்தால் விண்டோஸை மாற்ற வேண்டியதே இல்லை. பத்தில் எட்டுப் பேர் லேப்டாப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் முதலில் உங்கள் கோளாறு எது என்று பாருங்கள். விண்டோஸை மாற்றுவது கடைசியில் வருகிறது.

எதையும் தொடும் முன்

புது லேப்டாப்போடு எம்எஸ் ஆபீஸ் இலவசமாக வந்திருந்தால், முதல் வேலையாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அதைப் பதிந்துகொள்ளுங்கள். பதியாமல் டிஸ்க்கை அழித்துவிட்டு, கூடவே வந்த ஆபீஸைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. அடுத்து, 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரெக்கவரி டிரைவ் போட்டு வையுங்கள். ஸ்டார்ட்டில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடினாலே வரும். மூன்றாவது, செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தில் உங்கள் விண்டோஸ் ஹோமா புரோவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னால் வேண்டும்.

அறிகுறி: புது மெஷின் பழையதைவிட மெதுவாக இருக்கிறது

வாங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். நெட்டைக் கொடுத்து, சார்ஜரில் போட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும். காலையில் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தால் பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? கம்பெனியே போட்டு அனுப்பிய சோதனை ஆன்டிவைரஸை எடுத்துவிடுங்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது, அது போதும். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தைத் திறந்து, தெரியாத எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் அதே டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். 4 ஜிபி என்று இருந்தால் காரணம் அங்கேதான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று சொல்லியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் குறைந்தபட்சம் என்றால் திறக்கும் என்றுதான் பொருள். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். இன்னொரு 4 அல்லது 8 ஜிபி ராம் போடுவதுதான் மருந்து. சில மெலிசான லேப்டாப்பில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், ஏற்ற முடியாது. வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. உள்ளே எஸ்எஸ்டிக்குப் பதிலாகப் பழைய மாதிரி ஹார்டு டிஸ்க் இருந்தால், மாற்றிவிட்டுத்தான் மறுபேச்சு. இந்த இரண்டு வேலையையும் கடையில் கொடுத்துச் செய்யுங்கள். லேப்டாப் அடிமூடியின் கொக்கிகள் லேசில் உடையும்.

மெதுவாக இருக்கிறது என்பதற்காகப் பழைய விண்டோஸ் போடுவது வீண் வேலை.

அறிகுறி: பழைய புரோகிராம் திறக்கவே இல்லை

என்ன செய்தி வருகிறது என்று படித்துப் பாருங்கள். 'ஏதோ எரர் வருது தம்பி' என்றால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியாது. செல்போனில் படம் பிடித்து வையுங்கள்.

*ஒன்றுமே சொல்லாமல் மூடிக்கொள்கிறதா?* ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 7 அல்லது எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 என்று தேர்ந்தெடுத்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கட்டத்தையும் டிக் செய்யுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் புரோகிராமை எடுத்துவிட்டு, 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போடாமல் சி டிரைவில் தனி ஃபோல்டரில் போடுங்கள். பழைய பில்லிங் புரோகிராம்கள் தங்கள் கணக்கைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத இப்போதைய விண்டோஸ் விடாது. இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் நான் எத்தனையோ அரிசிக் கடைகளைக் கரையேற்றியிருக்கிறேன்.

*டாட் நெட் 3.5 கேட்கிறதா?* கன்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' திறந்து அதை டிக் செய்தால் நெட்டில் இருந்து தானே இறங்கிக்கொள்ளும்.

*ஓசிஎக்ஸ் ஃபைல் ஒன்று சரியாகப் பதியவில்லை என்கிறதா?* விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய புரோகிராம் அது. எடைமேடை புரோகிராம்களில் 'எம்எஸ்காம்32' என்ற ஓசிஎக்ஸ்தான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பழைய மெஷினின் சிஸ்டம்32 ஃபோல்டரில் அதைத் தேடி எடுத்து, புதியதில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்வாவ்64-ல் ஒட்டுங்கள். சிஸ்டம்32-ல் ஒட்டினால் வேலை செய்யாது. பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடம் இது. பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, சிஸ்வாவ்64-க்குள் போய், 'ரெக்எஸ்விஆர்32' என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் அந்த ஃபைல் பெயரையும் கொடுத்துப் பதியுங்கள். நெட்டில் கிடைக்கிற ஏதோ ஒரு தளத்தில் இருந்து இந்த ஃபைலை இறக்க வேண்டாம். வைரஸையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

*'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி' என்று வருகிறதா?* இது டாஸ், விண்டோஸ் 3 இருந்த 16 பிட் காலத்துச் சரக்காக இருக்கலாம். விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. 64 பிட் விண்டோஸ் எதுவானாலும் 16 பிட் புரோகிராமை ஏற்காது. ஆகவே 64 பிட் விண்டோஸ் 10-க்கோ 7-க்கோ இறங்கினாலும் பயன் இல்லை. கேட்பவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இதுதான். "பழைய மெஷின்ல ஓடுச்சே" என்பார்கள். அதில் இருந்தது 32 பிட்.

சில சமயம் புரோகிராம் 32 பிட்டாக இருந்து, அதன் செட்டப் ஃபைல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். பழைய மெஷினில் இருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வந்து ஓட்டிப் பாருங்கள். கறுப்புத் திரையில் ஓடும் ஃபாக்ஸ்புரோ கணக்கு என்றால், டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் எக்ஸ் போடுங்கள். அதில் பிரிண்ட் எடுக்கவும் வழி உண்டு. ஆனால் ஒரே கணக்கை இரண்டு மூன்று சிஸ்டத்தில் திறந்து வேலை பார்ப்பவர்கள் டாஸ்பாக்ஸை நம்ப வேண்டாம், ஃபைல் உடையலாம். இவை எதுவும் ஆகாவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் பழைய 32 பிட் விண்டோஸை ஓட்டலாம். புது மெஷினுக்கு ஒரு சேதமும் வராது. உள்ளே இருப்பதற்கு நெட் கனெக்‌ஷன் மட்டும் கொடுக்காதீர்கள். கணக்கு டேட்டா அதற்குள் போகிறது என்றால் முதல் முறை தெரிந்தவரை வைத்துச் செய்வது நல்லது.

அறிகுறி: டிடிபி கடையில் தமிழ் எழுத்துரு தெரியவில்லை

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி வைத்திருக்கும் அக்கா ஒருவர். தமிழ்ப் பத்திரிகையும் அடிப்பார், மலையாளப் பத்திரிகையும் அடிப்பார். புது மெஷினில் எழுத்துருக்களை எல்லாம் போட்டாயிற்று, வேர்டில் தெரிகிறது, பேஜ்மேக்கரில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆள் கண் கலங்கிவிட்டார், முகூர்த்த சீசன் வேறு.

எழுத்துரு ஃபைல் மேல் டபுள் கிளிக் செய்து போட்டால், இப்போதைய விண்டோஸ் அதை அந்த ஒரு பயனருக்கு மட்டும்தான் போடுகிறது. பழைய புரோகிராம்களுக்கு அது கண்ணில் படாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். விண்டோஸ் 11-ல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினால்தான் அது தெரியும்.

எழுத்துரு வந்த பிறகும் தட்டினால் ஆங்கிலமே விழுகிறதா? பேஜ்மேக்கரை அட்மினாகத் திறந்திருப்பீர்கள், தமிழ்த் தட்டச்சுக் கருவியைச் சாதாரணமாகத் திறந்திருப்பீர்கள். கருவியையும் அட்மினாகத் திறந்தால் சரியாகிவிடும். அக்காவுக்கு வேலை முடிந்தது இருபது நிமிடத்தில். அதில் பத்து நிமிடம் டீ குடித்தோம்.

அறிகுறி: எடைமேடையில் எடை வரவில்லை

லாரி மேடையில் நிற்கும், இண்டிகேட்டரில் எண் சிவப்பாகத் தெரியும், கம்ப்யூட்டரில் மட்டும் பூஜ்யம். பின்னால் புளியரை வரைக்கும் போக வேண்டிய வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். பதற்றத்தில் விண்டோஸை மாற்றுங்கள் என்று சொல்லத்தான் தோன்றும்.

புது லேப்டாப்பில் பழைய 9 பின் சீரியல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகத்தான் இணைத்திருப்பீர்கள். முதலில் ஒயரைக் கழற்றி மாட்டி, வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

போர்ட் சுத்தமாகத் தெரிந்து, பக்கத்தில் காம்7, காம்11 என்று பெரிய எண் இருந்தால் காரணம் அதுவாகவே இருக்கும். பழைய எடைமேடை புரோகிராம்கள் பலவும் காம்1 முதல் காம்4 வரைதான் பார்க்கும். அதே இடத்தில் பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், பழைய மெஷினில் எந்த எண் இருந்ததோ அதைக் கொடுங்கள். 'இன் யூஸ்' என்று எச்சரித்தால், முன்பு எப்போதோ செருகிய கன்வெர்ட்டர் அந்த எண்ணைப் பிடித்திருக்கலாம். வேறெதுவும் அதில் ஓடவில்லை என்றால் துணிந்து கொடுக்கலாம். தகவல் போகும் வேகமான பாட் ரேட்டும் பழையதில் இருந்தபடியே இருக்க வேண்டும்.

போர்ட் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்து, பெயரிலேயே '2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது பிஎல்2303 வகையின் பழைய அல்லது போலிச் சிப். புது டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் புரோகிராம்) அதை வேண்டுமென்றே ஏற்பதில்லை. பழைய டிரைவரைத் தேடிப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த அப்டேட்டில் மறுபடி புதியது வந்து உட்காரும். என்னைக் கேட்டால் சில நூறு ரூபாய்க்கு எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எண் வராவிட்டால் எடைமேடை மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இண்டிகேட்டரைத் திறக்க வேண்டாம். அதில் எடையளவுத் துறை முத்திரை இருக்கும், உடைத்தால் உங்களுக்குத்தான் வம்பு.

அறிகுறி: பிரிண்டர் அசையவில்லை

கம்பெனி தளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கு என்று போட்டிருந்தால் 11-லும் பெரும்பாலும் ஓடும். 32 பிட் டிரைவரோடு நின்றுபோன பிரிண்டர் என்றால் அதற்காக லேப்டாப்பைப் பின்னுக்கு இழுக்காதீர்கள், பிரிண்டரை மாற்றுங்கள்.

சரி, இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்தும் தீராதவர்கள் உண்டு. விண்டோஸ் 10-க்கு மட்டும் டிரைவர் தந்துவிட்டு நின்றுபோன ஸ்கேனர், 11-ல் ஆதரவு இல்லை என்று கையை விரித்த லேபரட்டரிக் கருவி என்று நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு 10 போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான்.

ஒன்று, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான். இரண்டு, லைசென்ஸ். லேப்டாப்போடு வந்தது விண்டோஸ் 11 புரோ என்றால் 10 புரோவுக்கு இறங்க உரிமை உண்டு. ஹோமுக்கு அந்த உரிமை இல்லை. முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

*போடும்போது டிஸ்க்கே காட்டவில்லையா?* இன்டெல் 11-வது தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் என்றால் பயப்படாதீர்கள், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கான ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, அதே பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்துக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் பக்கத்தில் விஎம்டி என்ற டிஸ்க் அமைப்பை அணைத்தாலும் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸ் 11-ஐயும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள், மறுபடி அது எழாமல் நீலத் திரையில் நின்றுவிடும்.

*டிஸ்க் காட்டுகிறது, ஜிபிடி அல்லது எம்பிஆர் என்று சொல்லி மறுக்கிறதா?* டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் இரண்டு முறைகள் இவை: பழைய பயாஸுக்கு எம்பிஆர், புதிய யுஇஎஃப்ஐக்கு ஜிபிடி; பென் டிரைவ் ஒரு முறையிலும் டிஸ்க் இன்னொரு முறையிலும் இருப்பதால் வரும் குழப்பம் இது. டிஸ்க் ஜிபிடி என்று மறுத்தால், ரூஃபஸ் என்ற புரோகிராமில் ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்று தேர்ந்து பென் டிரைவை மறுபடி தயார் செய்யுங்கள். புது லேப்டாப்பின் டிஸ்க் பொதுவாக ஜிபிடியாகவே வரும். வேறு மெஷினில் இருந்து கழற்றிப் போட்டு, எம்பிஆர் என்று மறுக்கும் டிஸ்க் என்றால், அதில் இருப்பதை எல்லாம் காப்பி எடுத்த பிறகே பார்ட்டிஷன்களை அழியுங்கள்.

*48 இலக்க எண் கேட்டு நீலத் திரை வருகிறதா?* பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொட்டிருப்பீர்கள். புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க்குக்குத் தானாகப் பூட்டு விழுவது உண்டு. மாற்றியதை முன்பிருந்தபடி திருப்பி வைத்துப் பாருங்கள். போகாவிட்டால் செல்போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸ் பட்டியலில் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். இங்கே ஒரு சிக்கல்: விற்ற கடைக்காரப் பையன் தன் மெயில் ஐடியிலேயே தொடங்கிக் கொடுத்திருப்பான், கீ அவனிடம் இருக்கும். அவனைப் பிடியுங்கள். கீ இல்லாமல் உள்ளே இருப்பதை நானும் எடுக்க முடியாது, வேறு எந்தக் கடைக்காரரும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

*போட்டாயிற்று, வைஃபை இல்லையா?* டிரைவர் இல்லை, அதை இறக்க நெட் இல்லை என்று முழிப்பார்கள். செல்போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். விண்டோஸ் 10 அதை டிரைவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். அப்புறம் கம்பெனி தளத்தில் முதலில் சிப்செட், பிறகு வைஃபை, டச்பேட், சவுண்டு என்று இறக்குங்கள். உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 10 என்ற பட்டியலே அங்கே இல்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொண்டு, ரெக்கவரி பென் டிரைவைப் போட்டுப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். போடும் முன்பே இதைப் பார்த்திருக்கலாம். நானும் ஒருமுறை பார்க்காமல் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்தான்.

அறிகுறி: விண்டோஸ் 7 போடும்போது மவுஸும் கீபோர்டும் செத்துவிட்டன

சாகவில்லை. 2009-ல் வந்த செவனின் செட்டப்புக்கு யுஎஸ்பி 3 என்றால் என்னவென்று தெரியாது. சிடி டிரைவ் டிரைவர் வேண்டும் என்று அது கேட்பதும் இதே காரணத்தால்தான். டிரைவரைச் சேர்த்துத் தயாரித்த பென் டிரைவில் போட்டால், அடுத்து 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' என்ற இடத்தில் உறைந்து நிற்கும். அதற்குப் பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறை வேண்டும். இப்போது வரும் பல லேப்டாப்பில் அது கிடையாது. அதையும் தாண்டினால் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்குத் தனி பேட்ச், அதையும் தாண்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாமல் திரை பெரிது பெரிதாக. இவ்வளவு பாடுபட்டு ஏற்றினாலும் ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துபோனது, குரோமும் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. இ-வே பில், பேங்க் எல்லாம் பிரவுசரில் பார்க்கிற லாரி ஆபீஸ் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

இன்டெல் 6-வது தலைமுறைக்குப் பிந்தைய லேப்டாப்பில் செவன் போடச் சொன்னால் நான் இப்போது வேலையை எடுப்பதில்லை. ஆரியங்காவில் இருந்து வந்த ஒரு சேட்டன் கோபித்துக்கொண்டே போனார். அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள், கேரள அரசுப் பள்ளிகளில் அதுதான் நடப்பு. மறுமாதம் அந்தப் பிள்ளையே லேப்டாப்பைப் பழகிக் கொடுத்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

செவனோ எக்ஸ்பியோ இல்லாமல் முடியவே முடியாது என்றால் பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் வையுங்கள். ஹார்டு டிஸ்க்கை நகலெடுத்து எஸ்எஸ்டிக்கு மாற்றச் சொல்லுங்கள், இன்னும் சில வருடம் ஓடும். வாரம் ஒருமுறை டேட்டாவைப் பென் டிரைவில் எடுங்கள். சாரல் மாதங்களில் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், ஈரக்காற்றில் ராம் முனை களிம்பு பிடித்து மெஷின் பீப் பீப் என்று கத்தும். ராமைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினால் அது சரியாகிவிடும். கத்துவது ஸ்பீக்கராக இல்லாமல் டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று வந்தால் மட்டும் ஆன் செய்து ஆன் செய்து பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கி அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள்.